டாங்கே என்றால் வேண்டாம்: ஒரு ஜெர்மானியக் குடும்பத்தோடு கழித்த கிறிஸ்துமஸ் விடுமுறை

2015ஆம் ஆண்டின் குளிர்கால செமஸ்டரைப் பரிமாற்ற மாணவராக ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எங்கள் விடுதி வெறிச்சோடத் தொடங்கியது. ஜெர்மானிய மாணவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். பொதுச் சமையலறையின் ஃபிரிட்ஜில் அவரவர் தட்டு காலியானது. பல்கலைக்கழக உணவகமும் விடுமுறைக்கு மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24 வியாழக்கிழமையாக அமைந்தது. அன்று பிற்பகல் 2 மணிவாக்கில் கடைகள் அடைக்கப்பட்டுவிடும். 25, 26 ஆகிய இரண்டு நாளும் பொது விடுமுறை. 27 ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் ஞாயிறன்று கடை திறப்பதில்லை. ஆக, வியாழன் மதியம் தொடங்கித் திங்கள் காலைவரை, ரயில் நிலையக் கடையையும் பெட்ரோல் பங்கையும் விட்டால் ரொட்டி வாங்கக்கூட வேறு இடமில்லை. இந்த நாள்களை ஆளில்லாத விடுதியில் தனியாகக் கழிக்க வேண்டாம் என்றுதான், வெளிநாட்டு மாணவர்களைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் தங்க அழைக்கும் குடும்பங்களின் பட்டியலில் நவம்பர் தொடக்கத்திலேயே என் பெயரையும் பதிவு செய்திருந்தேன்.

என்னை அழைத்த குடும்பம் டூபிங்கனுக்குப் பக்கத்தில் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் ரோட்டன்பர்க் நகரை அடுத்த ஒரு கிராமத்தில் வசித்தது. தாய், தந்தை, வேறு ஊரில் கல்லூரியில் படிக்கும் மகள், பதினைந்து வயது மகன், கீழ்த்தளத்தில் தனிச் சமையலறையோடு வசிக்கும் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி என ஐந்து பேர். டிசம்பர் 23 முதல் ஜனவரி 6 வரை பதினைந்து நாள் அவர்களோடு இருந்தேன். அந்தப் பதினைந்து நாளில் நான் தடுமாறிய இடங்களையும், அடுத்து இப்படிப் போய்த் தங்கும் மாணவருக்குப் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புபவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வீட்டுத் தாய் எழுதிய முதல் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் இருந்தன: என்ன சாப்பிடுவீர்கள், நாய் இருப்பதில் சிரமம் உண்டா, எங்களோடு தேவாலயத்துக்கு வர விருப்பமா? சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று பதில் எழுதி வைத்திருந்தேன். முந்தைய ஆண்டு இதேபோல் ஒரு குடும்பத்தில் தங்கிய பக்கத்து அறை மாணவி அதைப் படித்துவிட்டு, அனுப்பாதே என்று தடுத்தாள். "உனக்கு எது வேண்டும் என்று தெரிந்தால்தான் அவர்களால் நிம்மதியாகக் கடைக்குப் போக முடியும், பரவாயில்லை என்பது அவர்களுக்குப் பதிலே இல்லை" என்றாள். அதன்பின் விவரமாக எழுதினேன்: இறைச்சியும் மீனும் உண்பதில்லை, முட்டையும் பாலும் உண்பேன், இறைச்சி வேகவைத்த நீரில் சமைத்ததையும் தவிர்க்கிறேன், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்த இனிப்பும் வேண்டாம்.

இறைச்சி வேகவைத்த நீரைப் பற்றிய அந்தத் தொடர் எவ்வளவு முக்கியமானது என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் ஜெர்மனியின் பல வீடுகளில் உண்பது உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான். பெரிய விருந்து மறுநாள் மதியத்துக்கு. நாங்கள் இருந்த ஸ்வேபியப் பகுதியில் அந்தச் சாலடில் மயோனைஸ் சேர்க்க மாட்டார்கள். வினிகர், எண்ணெய், வெங்காயம், கடுகு விழுது ஆகியவற்றோடு சூடான இறைச்சிச் சாற்றை ஊற்றிக் கிழங்கை ஊறவைப்பார்கள். கண்ணுக்கு அது முழுச் சைவம். சைவம் என்று மட்டும் சொல்லியிருந்தால், சாசேஜை எடுத்து வைத்துவிட்டுச் சாலடை என் தட்டில் பரிமாறியிருப்பார்கள். அதில் தவறு இருப்பதாக அவர்களுக்கும் தோன்றியிருக்காது. நான் எழுதியிருந்ததால், காய்கறிச் சாறு ஊற்றிய சாலடைச் சிறிய கிண்ணத்தில் தனியாகச் செய்து, மேலே ஓர் அவித்த முட்டையை அரிந்து வைத்திருந்தார் வீட்டுத் தாய். ஆகவே உணவைப் பற்றி எழுதும்போது பெயரை மட்டும் எழுதாமல், எதைச் சேர்த்தால் உண்ண முடியாது என்பதையும் எழுதுங்கள். சைவம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டிலும் எல்லை வேறு.

23ஆம் தேதி மாலை 4 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ரயில் நிலையத்தில் தந்தை 4 மணிக்குச் சரியாகக் காத்திருந்தார். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. அந்த டிசம்பர் வழக்கத்துக்கு மாறாக வெம்மையாக இருந்ததால் பனி ஒரு துளியும் விழவில்லை. பனியோடு கிறிஸ்துமஸைக் காட்ட முடியவில்லையே என்று வீட்டிலிருந்த ஒவ்வொருவரும் தங்கள் குறைபோல என்னிடம் வருத்தம் தெரிவித்தார்கள். வாசலில் ஷூவைக் கழற்றியதும் வீட்டுக்குள் அணியும் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடியைத் தந்தார்கள். பிறகு தாய் என்னை வீடு முழுவதும் அழைத்துச் சென்று, துண்டு எங்கே, குப்பை எந்தத் தொட்டியில் எந்த வகை, இரவு எத்தனை மணிக்குப் பின் குளிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தச் சுற்றின்போது கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்றை நான் தலையாட்டிவிட்டுத் தவறவிட்டேன். அறையின் ஜன்னலைக் காலையிலும் மாலையிலும் முழுவதுமாகத் திறந்து, சில நிமிடம் குளிர்காற்றை உள்ளே விட்டு, பின் மூடிவிட வேண்டும். அந்த நேரத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகைக் குறைத்துவைக்க வேண்டும். கல்லும் சிமெண்டும் காரையுமாக இறுக்கமாக மூடிய வீட்டில் மூச்சின் ஈரம் சுவரில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதே காரணம். நானோ ஜன்னலை மேற்புறமாகச் சற்றே சாய்த்துத் திறந்துவைத்து, ரேடியேட்டரைக் கடைசி எண்ணான 5இல் திருப்பிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே தூங்கினேன். மறுநாள் காலையில் தந்தை அறைக்கு வந்து, நீ தெருவைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறாய் என்று கோபமில்லாமல், ஆனால் நேராகச் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைச் சொல்லி முடித்த கணமே மறந்துவிட்டு, காலை உணவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தவறை அந்த நிமிடமே சொல்லிவிட்டு மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது அவர்களுடைய வழக்கம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் என்மீது வருத்தமாக இருக்கிறாரோ என்று தேவையில்லாமல் கலங்கினேன்.

தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். டாங்கே என்றால் நன்றி என்று முதல் பாடத்திலேயே படித்திருந்தேன். முதல் இரவு உணவின்போது பாலாடைக்கட்டித் தட்டை என் பக்கம் நீட்டி, இன்னும் வேண்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டும் என்ற எண்ணத்தோடு, பணிவாக, டாங்கே என்றேன். தட்டு என்னைக் கடந்து சென்றது. பின்னர் ரொட்டி வந்தது, டாங்கே என்றேன், அதுவும் சென்றது. ஜெர்மானிய மொழியில், ஒன்றைக் கொடுக்க முன்வரும்போது டாங்கே என்று மட்டும் சொன்னால், நன்றி, வேண்டாம் என்றே பொருள். வேண்டுமென்றால் யா, கெர்னே என்று சொல்ல வேண்டும். ஆம், மகிழ்ச்சியோடு என்பது அதன் பொருள். இதோடு இன்னொரு வழக்கமும் எனக்கு எதிராக நின்றது. முதல்முறை கேட்கும்போது போதும் என்பதும், இரண்டாம் முறை வற்புறுத்தும்போது சற்று இசைவதும், மூன்றாம் முறைதான் தட்டை நீட்டுவதும் நம்மில் பலருக்கு ஊறிப்போன மரியாதை. அங்கே இரண்டாம் முறை என்பது வராது. வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு மீண்டும் கேட்பது அவருடைய சொல்லை மதிக்காத செயல் என்று அவர்கள் கருதுகிறார்கள். அன்பு குறைந்ததால் அல்ல, மரியாதை மிகுந்ததால்தான் அந்தத் தட்டு என்னைக் கடந்து சென்றது.

அன்றிரவு பசியோடு படுத்தேன். மறுநாள் காலையில் தயக்கத்தை விட்டுவிட்டு மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திகைத்துப்போய்த் தன் அம்மாவை அழைத்தாள். அவர் உடனே ரொட்டிப் பெட்டி, வெண்ணெய், பழம் இருக்கும் இடங்களைக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு ஒரு நாளும் எனக்குப் பசிக்கவில்லை. விருந்தினராகப் போகும் வீட்டின் அலமாரியைத் திறப்பது எனக்கு எளிதாக வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் எடுத்துக்கொள்ளச் சொன்ன பின்னும் எடுக்காமல் இருந்தால், அவருடைய சொல்லை நான் நம்பவில்லை என்றுதானே ஆகும்?

அடுத்த தடுமாற்றம் விளிப்பதில். நீங்கள், நீ என்ற வேறுபாடு ஜெர்மானியத்திலும் உண்டு. ஸீ என்பது நீங்கள், டூ என்பது நீ. தாயும் தந்தையும் முதல் நிமிடத்திலேயே டூ என்று அழைக்கச் சொல்லித் தங்கள் முதற்பெயரையும் சொல்லிவிட்டார்கள். என் தாயின் வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி, அதுவும் நீ என்று கூப்பிட என் நாக்கு எழவில்லை. பல நாள் யாரையும் எதுவும் சொல்லி அழைக்காமல், பக்கத்தில் போய் நின்று, அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகே பேசினேன். பாட்டியிடம் ஸீ என்றே பேசினேன். ஒரு பிற்பகலில் அவர் என்னைக் கீழே அழைத்து, சோம்பு மணக்கும் ஸ்பிரிங்கெர்லே என்னும் வெள்ளை பிஸ்கட்டுக்குரிய மர அச்சுகளைக் காட்டினார். பேரி மரத்தில் செதுக்கிய அச்சுகள். அவருடைய தாயின் காலத்தவை. மாவில் அச்சைப் பதித்து, ஓர் இரவு காயவைத்துச் சுட்டால், மேற்புறம் உருவம் குலையாமல் நிற்க அடிப்புறம் மட்டும் பொங்கிப் பாதம்போல் எழும்பும். சுட்ட புதிதில் கல்லாக இருப்பது, டப்பாவில் சில வாரம் இருந்த பிறகே மென்மையாகும். இதையெல்லாம் விளக்கிவிட்டு, இந்த வீட்டில் எல்லாரும் என்னை ஓமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நீயும் அப்படியே கூப்பிடு, டூ என்றே சொல் என்றார். ஓமா என்றால் பாட்டி. உறவுச் சொல் ஒன்று கிடைத்ததும் எனக்கு நீ என்று சொல்வதிலிருந்த கூச்சம் போய்விட்டது. நம்மிலும் அம்மாவை நீ என்றுதானே அழைக்கிறோம். ஜெர்மனியில் மூத்தவர்தான் டூவை முன்வந்து தர வேண்டும், இளையவர் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தரும்போது தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தந்த பிறகும் ஸீ என்று பேசினால் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் நிற்பதுபோல் ஆகும்.

24ஆம் தேதி காலையில்தான் மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வைக்கோலால் செய்த நட்சத்திரங்கள், சிவப்பு ஆப்பிள்கள், உண்மையான மெழுகுவத்திகள்; மரத்துக்கு அருகே ஒரு வாளித் தண்ணீர். மதியத்துக்குப் பின் வரவேற்பறைக் கதவை மூடிவிட்டார்கள். மகனுக்குப் பதினைந்து வயதாகியும், மாலையில் சிறிய மணியொன்று ஒலிக்கும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை. குழந்தை இயேசு பரிசுகளைக் கொண்டுவந்து வைக்கும் நேரம் அது என்பது அந்தப் பகுதியின் நம்பிக்கை. மணி ஒலித்ததும் கதவைத் திறந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடினார்கள். பின்பு பரிசுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

பிரித்தார்கள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார், யாரிடமிருந்து வந்தது என்று படிப்பார், காகிதம் கிழியாமல் மெல்லப் பிரிப்பார், மற்ற எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதன்பின்தான் அடுத்தவர். ஓமா எனக்கென்று தந்த பொட்டலத்தை நான் இரு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, மடியில் வைத்துக்கொண்டேன். கொடுத்தவர் முன்னிலையில் பிரிப்பது நாகரிகமல்ல என்றே வளர்ந்திருக்கிறேன். அறையில் அமைதி நிலவியது. ஓமா, பிடிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். மகள் என் காதருகே குனிந்து, இப்போது பிரிக்க வேண்டும் என்றாள். உள்ளே அவர் தம் கையால் பின்னிய காலுறை இருந்தது. நான் அப்போதே அதை அணிந்துகொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. பரிசைப் பெறுகிறவரின் முதல் முகமாற்றத்தைப் பார்ப்பதுதான் கொடுத்தவருக்குரிய பரிசு என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் கொண்டுபோகும் பரிசும் இப்படி எல்லார் முன்னிலையிலும் பிரிக்கப்படும் என்பதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். விலை உயர்ந்தது வேண்டாம். அது அவர்களைச் சங்கடப்படுத்தும். ஐந்து பேருக்கும் பெயர் எழுதி ஐந்து சிறு பொட்டலங்கள் கொண்டுபோயிருந்தது நான் முன்யோசனையோடு செய்த நல்ல காரியம். குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று என்று கொடுத்திருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் என் பெயர் ஒரே ஒருமுறைதான் ஒலித்திருக்கும்.

ஆனால் அதே மாலையில் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. பாட்டு முடிந்து பரிசு தொடங்கும் வேளையில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. குளிர்காலத்தில் இந்திய நேரம் ஜெர்மானிய நேரத்தைவிட நாலரை மணி முன்னே இருக்கும். அங்கே நள்ளிரவை நெருங்கியும் என் குரலைக் கேட்பதற்காக விழித்திருந்தார்கள். நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் இருபது நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது ஒருவரும் எதையும் பிரிக்கவில்லை. அணையத் தொடங்கிய மெழுகுவத்திகளை மாற்றிவிட்டு ஆறு பேரும் சேர வேண்டும் என்று காத்திருந்தார்கள். யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்காக ஒரு வீடே காத்திருந்தது என்பதே போதுமான தண்டனையாக இருந்தது. வீட்டோடு பேசும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி என்றால், மதியம் 1 மணிக்குப் பேசிவிடலாம். வீட்டில் அப்போது மாலை ஐந்தரைதான். மாலையில் பேச முடியாது, கவலை வேண்டாம் என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

இரவு பத்து மணிக்கு மேல் திருப்பலிக்குப் போனோம். ரோட்டன்பர்க் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கும் ஊர்; சுற்றியுள்ள கிராமங்களில் வழிபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் கிறிஸ்தவர் அல்ல. வர விருப்பமா என்று அவர்கள் கேட்டபோது, வருகிறேன், ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும், எதில் பங்கேற்கக் கூடாது என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நற்கருணை என்னும் புனித அப்பத்தை வழங்கும்போது இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம். அல்லது கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னே போனால் குருவானவர் ஆசி மட்டும் வழங்குவார் என்றார் ஓமா. நான் அமர்ந்தே இருந்தேன். போக விருப்பமில்லையென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். தலைவலி என்று காரணம் கற்பிக்க வேண்டியதில்லை.

26ஆம் தேதி நான் உதவி செய்யப் போய் வாங்கிக்கொண்ட கண்டிப்பையும் சொல்ல வேண்டும். விருந்து முடிந்த வீட்டில் காலிக் கண்ணாடி பாட்டில்கள் குவிந்திருந்தன. யாரும் கவனிக்காத நேரத்தில் அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு, தெருமுனையில் வெள்ளை, பச்சை, பழுப்பு என நிறவாரியாக வைத்திருக்கும் பெரிய தொட்டிகளுக்குப் போனேன். நிறம் பிரித்துத்தான் போட்டேன். மூன்றாவது பாட்டில் உடைந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது; இன்று விடுமுறை நாள், தொட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா என்று ஒரு முதியவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் ஜெர்மனியில் சட்டப்படி அமைதிக்குரிய நாள்கள். கண்ணாடி போடுவது, சுவரில் துளையிடுவது, புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது எல்லாம் கூடாது. மீதிப் பாட்டில்களோடு திரும்பி வந்தேன். நல்லெண்ணத்தோடு செய்தாலும், தெரியாத வீட்டில் தெரியாத வேலையைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பதை அன்று உணர்ந்தேன். அன்று மாலையே தாயிடம், ஒவ்வொரு நாளும் நான் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தாருங்கள் என்று கேட்டேன். காலை உணவுக்கு மேசை அமைப்பதும், இரவில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வதும் என் பொறுப்பாயின. இந்த வேண்டுகோளை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். உதவட்டுமா, உதவட்டுமா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் வேண்டாம் என்ற பதில்தான் வரும்; குறிப்பிட்ட ஒரு வேலையைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். தட்டும் கரண்டியும் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் என் நடை மாறிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவிலுள்ள நாள்களை ஜெர்மானியர்கள் 'ஆண்டுகளுக்கு இடையே' என்று அழைக்கிறார்கள். பலர் வேலைக்குப் போவதில்லை. யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. எனக்கு மிகக் கடினமாக இருந்தவை அந்த நாள்கள்தான். காலை எட்டேகால் மணிக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும் பகலில், விழாவின் பரபரப்பு அடங்கிய வீட்டில், அவரவர் ஒரு புத்தகத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள். 28ஆம் தேதி எனக்கு வீட்டு நினைவு தாங்க முடியாததாயிற்று. அறைக் கதவை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். யாராவது வந்து தட்டுவார்கள் என்று மனம் எதிர்பார்த்தது, யாரும் தட்டவில்லை. இருட்டிய பின்பும் தட்டவில்லை. என்னைப் பற்றி இவர்களுக்கு அக்கறை இல்லை, கடமைக்குத்தான் அழைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வளர்ந்துகொண்டே போனது. இரவு உணவுக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்த தாய், இன்று தனியாக இருக்க விரும்பினாய், நன்றாக ஓய்வெடுத்தாயா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அவர்கள் வீட்டில் மூடிய கதவுக்கு, தொந்தரவு செய்யாதே என்பது பொருள். திறந்த கதவுக்கு, வரலாம் என்பது பொருள். மூடிய கதவைத் தட்டாமல் இருந்தது அவர்கள் எனக்குக் காட்டிய பரிவு. சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லாததை ஊகித்துக்கொண்டு நுழையக் கூடாது என்று அவர்கள் விலகி நின்றார்கள். அன்றிரவு தாய் ஒரு வழி சொன்னார்: துக்கமாக இருக்கும் நாளில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சமையலறையில் வந்து உட்கார்ந்துகொள், அதுவே போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். மறுநாள் நான் போய் உட்கார்ந்தேன். ஓமா என் முன்னே ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கையும் தோல் சீவும் கத்தியையும் வைத்தார். இருவரும் பேசாமல் அரை மணி நேரம் சீவினோம். வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கப்போகும் எவரும் இந்த நாள் தமக்கும் வரும் என்று எதிர்பார்த்துப் போகட்டும். பெரும்பாலும் அது விழா நாளில் வருவதில்லை. விழா முடிந்த பிறகு வருகிறது. வந்தால், அறையில் இருக்காதீர்கள்.

30ஆம் தேதி குடும்பத்தோடு எல்லை தாண்டிப் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குக் காரில் போய் வந்தோம். பாரிஸில் நவம்பர் 13 அன்று நடந்த தாக்குதல்களுக்குப் பின் பிரான்ஸ் எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்திருந்தது. ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இராது என்று குடும்பத்தவர் பழகிப்போயிருந்ததால், ஆவணங்களைப் பற்றி அவர்களுக்கு நினைவே வரவில்லை. நான் பாஸ்போர்ட்டையும் ஜெர்மானியக் குடியிருப்பு அனுமதி அட்டையையும் எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று. இதில் மட்டும் உங்களை அழைத்துச் செல்பவர்களை நம்பியிருக்காதீர்கள்.

ஆண்டின் கடைசி இரவில் ராக்லெட் அடுப்பைச் சுற்றி அமர்ந்து நெடுநேரம் உண்டோம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைச் சிறிய வாணலியில் வைத்து, மேலே பாலாடைக்கட்டியை உருக்கிக்கொள்வதால், சைவ உணவு உண்பவருக்கு அதைவிட வசதியான விருந்து இல்லை. நள்ளிரவில் தெருவே வாணவேடிக்கையால் நிறைந்தது. மறுநாள் காலையில் பிரெட்ஸெல் என்னும் முறுக்கிய ரொட்டி, புத்தாண்டுக்கென்று பெரிதாகச் செய்தது, மேசைக்கு வந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தார் மரத்தைப் பார்க்க வந்தார்கள். மரத்தைப் புகழ்தல் என்பது அந்தப் பகுதியின் வழக்கம்: வருகிறவர் மரத்தைப் பார்த்து, அழகான மரம் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் ஒரு சிறு கோப்பையில் பழமது தருவார். மது அருந்தாத எனக்கு ஆப்பிள் சாறு தந்தார்கள். எதிர்வீட்டு முதியவரும் வந்திருந்தார். நான் வாசலில் அவரை வரவேற்று, அன்றைய பாட்டில் சத்தத்துக்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் கை குலுக்கிவிட்டு, திங்கள் முதல் சனிவரை போடலாம் என்று விளக்கமாகச் சொன்னார். பின்பு மரத்தைப் பார்த்து, அழகான மரம் என்றார்.

ஜனவரி 6 அங்கே மூன்று ராஜாக்கள் திருநாள். எங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்கில் பொது விடுமுறை. காலையில் ராஜாக்களைப்போல் உடையணிந்த சிறுவர்கள் நட்சத்திரக் கோலோடு வந்து பாடினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கென்று காணிக்கை திரட்டும் இந்த வழக்கம் 1959 முதல் ஜெர்மனி முழுவதும் ஒருங்கிணைந்த இயக்கமாக நடக்கிறது. வாசல் நிலையின் மேல் சாக்கட்டியால் ஆண்டின் இலக்கங்களுக்கு நடுவே சி, எம், பி என்ற மூன்று எழுத்துகளை எழுதினார்கள். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. பிற்பகலில் மரத்திலிருந்து வைக்கோல் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். மாலையில் படுக்கை விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டு, ரயிலேறினேன்.

விடுதிக்கு வந்த மறுநாளே நன்றிக் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பினேன். பொதுவாக நன்றி என்று எழுதாமல், காய்கறிச் சாறு ஊற்றிய சாலட், காலுறை, காத்திருந்த மெழுகுவத்திகள், 29ஆம் தேதி சீவிய உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றையும் குறிப்பிட்டேன். செல்பேசியில் அனுப்பும் செய்தியைவிட, கையால் எழுதிய கடிதத்தை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். ஓமா அதைச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்திருப்பதாக மகள் எழுதினாள்.

செமஸ்டர் முடிந்து நான் நாடு திரும்புவதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 24 அன்று, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மதியத்துக்கு என்னை அழைத்தார்கள். இறைச்சி உண்ணக் கூடாத தவக்காலத்தில் இறைச்சியை மாவுக்குள் மறைத்துவைத்து உண்டார்கள் என்று கதை சொல்லப்படும் மௌல்டாஷன் என்னும் பூரணப் பொட்டலங்களை ஸ்வேபியாவில் அந்த வாரத்தில் செய்வார்கள். ஓமாவின் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் பசலைக் கீரையும் வெங்காயமும் ரொட்டித்தூளும் முட்டையும் மட்டும் வைத்துச் செய்தவை. அதிலிருந்து இரண்டை என் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். யா, ஓமா, கெர்னே என்றேன்.